சம்பந்தியின் அண்ணருக்குச் சொன்ன கலியாணம்

ஊரில் போர் முடிந்த அந்த வருடம் என் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை ஜேர்மன்காரன், அங்கே கிழக்குப் பக்கத்தில் பிறந்தவன். தனக்கு ஹம்பேர்க்கில் ஒரு பெரியப்பா இருக்கிறார், அப்பாவோடு பேச்சில்லை என்று ஒருநாள் சாப்பாட்டுக்கிடையில் சொன்னான். அவரோடு அவன் பழகியதே இல்லை. ஆனாலும் கோபத்தை மட்டும் தகப்பனிடமிருந்து அப்படியே வாங்கி வைத்திருந்தான்.

ஜேர்மனியை இரண்டாகப் பிரித்த சுவர் இருந்த காலத்தில் சம்பந்தியின் அண்ணரான அவர் மேற்கே தப்பிப் போனார். அதற்குத் தண்டனையாக என் சம்பந்திக்குப் பல்கலைக்கழக இடம் பறிபோனது. நாடு ஒன்றானதும் அவர் வேலை செய்த தொழிற்சாலையையும் மூடினார்கள். புதுக் காரில் பார்க்க வந்த அண்ணர், "இங்கே இருந்த உங்களுக்கு வேலை என்றால் என்னவென்று தெரியாது" என்றாராம். அதோடு எல்லாம் முடிந்தது.

பெரியப்பா இல்லாமல் என்ன கலியாணம்? எனக்கு மனம் கேட்கவில்லை. மகள் விலாசத்தைத் தேடித் தந்தாள். சம்பந்தியிடம் மூச்சுக்கூட விடாமல், கார்டும் குங்குமமும் எடுத்துக்கொண்டு மனைவியோடு நாங்கள் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து புறப்பட்டேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லப் போறியள். உங்கட தம்பிக்கு?" என்றாள் மனைவி, எல்லையைத் தாண்டும்போது.

தம்பி கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில், இஷொயில் இருக்கிறான். சண்டையின் கடைசி வாரங்களில், கோபன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் கத்திக்கொண்டு நின்றபோது, "அண்ணை, சனத்தைச் சண்டைக்குள்ளயிருந்து வெளியில விடாமல் வைச்சிருக்கிறது எங்கட இயக்க ஆக்களும்தான்" என்றான். அத்தனை பேருக்கு முன்னால் அவனைத் துரோகி என்றேன்.

ஹம்பேர்க்கில் அந்தப் பெரியவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என் தம்பியா உங்களை அனுப்பினான்?"

ஓம் என்றேன். கலியாணம் சொல்லப் போகிற வீட்டில் நாங்கள் எல்லோரும் சொல்கிற பொய்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கலியாணம். மண்டப வாசலில் அவரைக் கண்ட சம்பந்தி, "நான் கூப்பிடவில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மணவறையில் இருந்த மாப்பிள்ளையும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெரியவர் திரும்பி நடந்தார். கார் நிறுத்துமிடம் வரை பின்னால் ஓடினேன். வெட்கத்தில் செத்துப்போனேன்.

"பொய் சொல்லிவிட்டீர்கள்" என்றார், கோபமில்லாமல். "ஆனால் மூன்று வாரம் எனக்கு ஒரு தம்பி இருந்தான்."

அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். உள்ளே கெட்டிமேளம் கேட்டது. இஷொயில் என் தம்பி வீட்டுக்கு யாராவது போய், உன் அண்ணன்தான் அனுப்பினான் என்று சொல்லியிருந்தால், அது முழுப் பொய்யாக இருந்திராது; அவன் வர வேண்டும் என்றுதான் மனம் கிடந்தது. ஆனால் நான் ஒருவரையும் அனுப்பவில்லை.