அக்காவைப் பார்க்க வந்த கார்

பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாலே கல்யாணம் என்று நம்பிய மடையன் நான். அப்போது மூன்றாம் வகுப்பு என்பதைத் தவிர என் பக்கம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. சிவப்பு நாற்காலிகள் வந்தன, ஒரு கார் வந்தது, கொஞ்ச நாளில் அவள் திருப்பூருக்குப் போய்விட்டாள். அதே நாற்காலிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வந்து இறங்கின. அம்மா முறுக்கு வாங்கி வைத்தாள். என் அக்கா சர்ச்சுக்குப் போடும் சுடிதாரில் நின்றாள்.

உண்மையில் வரவிருந்தவர்கள் கோவையில் ஓர் அறக்கட்டளையின் ஆட்கள். பிளஸ் டூ முடித்த அக்காவுக்குச் சென்னையில் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா தோப்புகளில் தேங்காய் உரிப்பவர். எங்கள் வகையறாவில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் உதவித்தொகை தருவார்களாம். கிடைக்காவிட்டால் அக்கா பனியன் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். என்னிடம் சொன்னால் கிணத்துக்கடவு முழுக்கப் பரவிவிடும் என்று யாரும் எதையும் சொல்லவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா போய்விட்டால் ராத்திரி ஒன்றுக்குப் போகத் துணைக்கு யார் வருவார்கள்? ரோட்டு முனைக்கு ஓடினேன். கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஓர் அம்மா கேட்டார்.

"ஏங்கண்ணு, தேங்கா உரிக்கறவரு ஊடு எது?"

"எங்கூடுதானுங்க. ஆனா எங்கக்கா உங்களுக்கு வேண்டாமுங்க."

"ஏஞ்சாமி?"

"சண்டக்காரிங்க! அரிசி எடை கொறையுதுன்னு ரேசன் கடையில ஊரையே கூட்டிப்போட்டா. எங்கப்பனையே எதுத்துப் பேசுவாளுங்க. புஸ்தகத்தப் பாத்துட்டே சோத்தத் தீச்சுப்போடுவா."

மழை பெய்தால் வீட்டுக்குள் ஒழுகும் இடத்தில் குண்டா வைப்பது, கக்கூஸ் இல்லாதது என்று மாப்பிள்ளை வீட்டார் ஓட்டம் பிடிக்கத் தேவையான அத்தனையும் ஒப்பித்தேன்.

"அப்பக் கண்டிப்பாப் பாக்கோணுமே" என்று அந்த அம்மா சிரித்தார்.

வந்தவர்கள் முறுக்கைப் பாதி கடித்துவைத்துவிட்டுப் போனார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நான் குதித்தேன். வீடு மட்டும் நிலைகொள்ளாமல் தவித்தது. போன் அடித்தால் அப்பா கையிலிருந்த தேங்காயைப் போட்டுவிட்டு ஓடினார். அக்கா சரியாகச் சாப்பிடாமல் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தாள். மாப்பிள்ளை தட்டிப்போன துக்கம் என்று நானே முடிவுகட்டி, "இனி எவனும் வர மாட்டான், நீ பயப்படாதே" என்று தேற்றினேன். அவள் விளக்குமாற்றை எடுத்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. "அந்தச் சண்டக்காரிகிட்டக் குடுங்க" என்றாராம் காரில் வந்த அந்த அம்மா. அக்கா பேசி முடித்ததும் அம்மா அழுதாள், அப்பா சிரித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பெட்டியோடு நின்ற அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"கார்காரங்களத்தான் நாந் தொரத்தி உட்டுட்டனே! அப்பறம் நீ எதுக்குப் போற?"

அவள் ரோட்டையே பார்த்தாள். அவள் விரல்கள் என் கையை வலிக்க வலிக்க இறுக்கியிருந்தன. போகத்தான் போகிறாள், அப்புறம் எதற்கு இந்தப் பிடி என்று எனக்கு விளங்கவில்லை.

"பஸ் வந்துருச்சு, கைய உடு" என்றாள்.