வெறும் தேத்தண்ணி கொண்டு போகலாம்

பாக்கியம் அக்காவை வேலிக் கேட்டிலேயே போலீஸ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். போத்தலில் இருந்தது டின்பால் கலந்த தேத்தண்ணி.

மலாயாவில் அவசரகாலம். குருண் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, மரம் சீவப் போகிறவர்களைக் கேட்டில் போலீஸ் சோதனை போடும்.

"தேத்தண்ணி என்ன சாப்பாடாய்யா?" என்று அழுதார் அக்கா. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். இன்ஸ்பெக்டர் எச்சரித்து விட்டுவிட்டார். அடுத்த தடவை ஜெயில்.

"நோட்டீஸ்தான் ஒட்டியிருக்கே!" என்றார் தோட்டத்துத் துரை. போய்ப் படித்தேன். அலோர் ஸ்டார் கவர்மெண்டு ஆபீசிலிருந்து வந்தது. 'உணவாகக் கருதத்தக்க எப்பொருளையும் வேலிக்கப்பால் எடுத்தேகுதல் தண்டனைக்குரியது.' எடுத்தேகுதலாம்! எந்தப் புண்ணியவான் எழுதினானோ, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எழுதறேன் துரை."

"எழுது. தப்பு வந்தா உன் தலை."

வரட்டுமே. எனக்குத் தமிழும் தெரியும், தோட்டமும் தெரியும். கொண்டு போகக்கூடியதை முதலில் எழுதி, அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இதுபடி நாளைக்கு வேலைக்குப் பையைக் கட்டுங்க அக்கா."

மரம் சீவும் பால் கத்தி வைத்தார், தண்ணி வைத்தார், நிறுத்திவிட்டார். "வெத்தலை எழுதலையே கிராணி ஐயா, விடுவானா?"

இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். அட, அவருக்கே தெரியவில்லை! தலையைச் சொறிந்து, "விடலாம்" என்றார். இப்படியே அக்கா பை கட்டக் கட்ட, எங்கே தயங்கினாரோ அங்கே வரியைத் திருத்தினேன். 'வெறும் தேத்தண்ணி கொண்டு போகலாம். பால், சீனி கூடாது.' படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் படம். போலீஸ்காரனுக்குக் கீழே மலாய். எல்லாவற்றையும் ஒரு பலகையில் எழுதிக் கேட்டிலேயே மாட்டினேன்.

மறுநாள் காலை கேட்டில் ஒரு புது மலாய்க் கான்ஸ்டபிள். அக்காவின் போத்தலை முகர்ந்தான். "தே? தா போலே!" கூடாதென்று துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

அக்கா பலகையில் இருந்த போத்தல் படத்தின்மேல் விரலை வைத்தார். அவன் குனிந்து கீழே இருந்த மலாயைப் படித்தான். ஒரு வாய் ஊற்றிப் பார்த்தான், இனிப்பில்லை. "போலே, போலே", போகலாம் என்று வழிவிட்டான்.

"பாத்தீங்களா, பலகையைக் காட்டினதும் விட்டுட்டான்!" என்று சிரித்துக்கொண்டே போனார் அக்கா.

அதற்குப் பிறகு எத்தனையோ நோட்டீஸ் எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவள் இதைக் காட்டிவிட்டு நடந்து போக முடியுமா? முடியாதென்றால் கிழித்துப் போட்டு மறுபடி எழுதுவேன்.