தொடாமலே தள்ளுவாராம் மாஸ்டர்!

போன வருடம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மணமக்கள் உட்காரும் சோபாவை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் நீல நிற மெத்தை விரித்திருந்தார்கள். அன்று அங்கே கல்யாணம் எதுவும் இல்லை. வெள்ளை உடுப்பு போட்ட ஐம்பது, அறுபது வயது ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த மெத்தையில் மல்லாக்க விழப்போகிறார்கள். அதைப் பார்க்கத்தான் எங்கள் அபார்ட்மென்ட்டே திரண்டு போயிருந்தது. விழப்போகிறவர்களில் என் கணவரும் ஒருவர்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். நாங்கள் இருப்பது பெருங்களத்தூரில். நான் நுங்கம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கணவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்தார். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. போகப்போக, பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த பஸ் எவ்வளவு நேரம் நின்றது என்று சாயங்காலம் எனக்கு ரிப்போர்ட் கொடுக்க ஆரம்பித்தார். மனுஷர் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மொட்டை மாடிக்கு மாஸ்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும். நல்ல உடற்கட்டு, கணீரென்ற குரல். தற்காப்புக் கலை சொல்லித் தருகிறேன் என்றார். என் கணவரும் சேர்ந்தார். முதல் நாள் பெல்ட்டை வேட்டி முடிச்சு மாதிரி போட்டுக்கொண்டு போனவர், இரண்டு மாதத்தில் தொப்பை குறைந்து, காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். நான் அந்த மாஸ்டரை மனதாரக் கையெடுத்துக் கும்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது, குனிய, நிமிர, உதைக்க எல்லாம் அவர் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. திடீரென்று ஒரு நாள் பிராண சக்தி வந்து சேர்ந்தது.

ஒரு ஞாயிறு காலை துணி காயப்போட மாடிக்குப் போனேன். மாஸ்டர் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்தார். மூச்சை இழுத்தார். கையை நீட்டி "ஹும்!" என்றார். நாலு அடி தள்ளி நின்ற என் கணவர், வெட்டின வாழை மரம் மாதிரி பின்னால் சாய்ந்தார். பின்னால் நின்ற இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். ஒரு காபி டம்ளரை எடுத்து சிங்கில் போடச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாத மனிதர், அடுத்தவர் கையை ஆட்டினதும் அப்படி விழுந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

"நிஜமாவே ஏதாவது தெரிஞ்சுதா?" என்று வீட்டில் கேட்டேன்.

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது. உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

மறுநாள் இதை என் ரயில் தோழியிடம் சொன்னேன். நான் வேலைக்குப் போகும் மின்சார ரயிலில் தாம்பரத்தில் ஏறுவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்த ஊர் கோவளம். வாய்விட்டுச் சிரித்தாள். "அக்கா, எங்க ஊர்ல அலையே தொட்டுத்தான் தள்ளும். இவர் இன்னா, கடலைவிடப் பெரிய ஆளா?" என்றாள். பெட்டியில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாவம், பொழுதுபோக்காக விழுந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

சிரிப்பு நின்றது பொங்கலுக்கு முந்தின வாரம். ராத்திரிச் சாப்பாட்டின்போது வழக்கம்போல் அவர் தட்டின் பக்கத்தில் சர்க்கரை மாத்திரையை வைத்தேன். அவர் அதை விரலால் தள்ளி வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆண்டு விழாவுல மாஸ்டர் தீட்சை தர்றார். அதுக்கப்புறம் உடம்பு தன்னையே சரி பண்ணிக்கும். இதெல்லாம் வேணாம்."

என் மாமனார் சர்க்கரையை அலட்சியம் செய்து கால் விரலை இழந்தவர். அந்தப் புண்ணுக்கு மாதக்கணக்கில் கட்டு மாற்றியவள் நான். அந்த நாற்றம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. அதே வீட்டுப் பிள்ளை, அதே வியாதி, இப்போது மாத்திரையைத் தள்ளி வைக்கிறார். அழுதேன், சண்டை போட்டேன், டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில், "மாஸ்டர் சக்தி பொய்யின்னு எப்படிச் சொல்ற? எத்தனை பேர் விழறாங்க, எல்லாரும் முட்டாளா?" என்று கேட்டார்.

"நான் நிக்கிறேன். என்னைத் தள்ளச் சொல்லுங்க" என்றேன்.

சட்டென்று வந்த வார்த்தைதான். ஆனால் அவர் பிடித்துக்கொண்டார். விழாவில் குடும்பத்தினரையும் மேடைக்குக் கூப்பிடுவார்களாம். நான் விழுந்தால், அதன்பிறகு மாத்திரையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. விழவில்லை என்றால் காலம் முழுக்க நான் கொடுக்கிற மாத்திரையை அவர் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

விழா நாளும் வந்தது. மாஸ்டர் கையை ஆட்ட ஆட்ட ஆண்கள் வரிசையாக விழுந்தார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. என் கணவரும் தன் பங்குக்கு விழுந்துவிட்டு, முகமெல்லாம் பெருமையோடு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அடுத்து எங்கள் பிளாக்கில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பட்டுப்புடவையின் கொசுவம் கலையாமல், அவரும் அழகாகச் சாய்ந்தார். அடுத்தது நான்.

மேடையில் நின்ற பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. விழாமல் நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பின்னால் இரண்டு பேர் கையை விரித்துக்கொண்டு தாங்கிப் பிடிக்கத் தயாராக நிற்கிறார்கள். எதிரே பெரிய மனிதர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்கக் கையை நீட்டுகிறார். கீழே மண்டபம் நிறைய ஜனம், வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. விருந்தில் "இன்னும் ஒரு கரண்டி" என்று பரிமாற வரும்போது இலையை மறைக்க எப்படி மனசு வராதோ, அப்படி ஒரு கூச்சம். சும்மா சாய்ந்துவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே விழுந்துவிடலாம் போலத்தான் இருந்தது.

அப்போது மாமனாரின் கால் ஞாபகம் வந்தது. தன்னால் என் பாதம் இரண்டும் கொஞ்சம் அகன்று, மெத்தையில் அழுந்தி நின்றது. அது எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்த வித்தை இல்லை. பெருங்களத்தூரில் ரயில் ஏறும்போதே செங்கல்பட்டுக் கூட்டத்தில் பெட்டி பிதுங்கி வழியும். தாம்பரத்தில் இன்னொரு கூட்டம் மோதிக்கொண்டு ஏறும். பிடிக்கக் கம்பி கிடைக்காது. வருஷக்கணக்காக அந்த லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில், ஒரு கையில் பை, இன்னொரு கையில் டிபன் கேரியரோடு நின்றே போகிறவள் நான். முதுகு, தோள், முழங்கை என்று எல்லாவற்றாலும் இடித்துத் தள்ளுவார்கள். அத்தனை பேர் தொட்டுத் தள்ளியே விழாதவளை, நாலு அடி தள்ளி நிற்கும் இவரா தள்ளிவிடப் போகிறார்?

"ஹும்!" என்றார் மாஸ்டர். நின்றேன். இன்னும் உரக்க "ஹும்!" என்றார். மூக்கின்மேல் ஒரு கொசு உட்கார்ந்தது. அதை மட்டும் ஓட்டினேன்.

மண்டபத்தில் லேசாக ஒரு சலசலப்பு. மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "மேடம் கழுத்துல தங்கம் இருக்கு. தங்கம் சக்தியை இழுத்துக்கும். செயினைக் கழட்டிட்டா..." என்று ஆரம்பித்தார்.

"தாலிச் செயினையா கழட்டச் சொல்றாரு?" என்று ஒரு பெண் குரல் கீழேயிருந்து வந்தது.

"எனக்கு முன்னாடி விழுந்தவங்க போட்டிருக்கிறது இதைவிட மொத்தமா இருக்கே, மாஸ்டர்" என்றேன் நான். அந்த அம்மா அவசரமாகத் தன் செயினை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டார்.

மாஸ்டர் செயினை விட்டுவிட்டு, என் தோளில் தொங்கிய கைப்பைக்கு வந்தார். கண்ணை மூடிக் கையை அதன் பக்கமாக நீட்டினார். "இந்தப் பையில ஏதோ இருக்கு. அதுதான் என் சக்தியைத் தடுக்குது" என்றார். சரி, அந்தக் குறையும் வேண்டாம் என்று பையைக் கழற்றி, முன் வரிசையில் இருந்த என் கணவர் மடியில் கொடுத்துவிட்டு வந்து நின்றேன். மறுபடியும் உள்ளங்கையைத் தேய்த்தார். மறுபடியும் "ஹும்!" நான் மறுபடியும் நின்றேன். பின்னால் பிடிக்க நின்றவர்களுக்குக் கை கடுத்துவிட்டது போல. ஒருவர் கையை இறக்கிவிட்டு வேட்டையாடப் போன இடத்தில் முயல் கிடைக்காதவர் மாதிரி தலையைச் சொறிந்தார்.

மாஸ்டர் ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தார். முகம் சிவந்துவிட்டது. கை என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. அடுத்த நொடி, பொறுமை போய், என் தோளில் ஒரு தள்ளு தள்ளினார். நிஜமான தள்ளு. ஒரு கால் பின்னால் வைத்தேன், அவ்வளவுதான். பல்லாவரத்தில் டிரைவர் போடும் பிரேக் இதைவிட பலமாக இருக்கும்.

"தொட்டுட்டீங்களே, மாஸ்டர்!" என்றேன்.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலில் ஒரு மூலையில் சிரிப்பு வெடித்தது. அப்புறம் கூரையே அதிர்ந்தது. என் ரயில் தோழியும் வந்திருந்தாள். அவள் நாற்காலிமேல் ஏறி நின்று விசில் அடித்தாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பள்ளிக்கூடத்தில்கூட ஒரு பரிசும் வாங்காதவள், அன்று கோப்பை வாங்கினவள் மாதிரி மேடையில் இருந்து இறங்கினேன்.

இதைவிட வேடிக்கை சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது. சாம்பார் வருவதற்குள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல சார். அவ்ளோ கஷ்டப்பட்டுக் கையை ஆட்றாரு, விழலைன்னா அவருக்கு அசிங்கமாயிடுமேன்னு ஒரு மரியாதைக்கு விழுந்தேன்" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"நீங்களுமா? நீங்க நிஜமா விழறீங்கன்னு நெனச்சுத்தான் நான் விழுந்தேன்!" என்றார் பக்கத்து இலைக்காரர்.

பட்டுப்புடவை அம்மா, "விழாம நின்னா என்னைத் திமிர் பிடிச்சவள்னு சொல்லுவாங்களோன்னு பயம்" என்றார். இப்படியே பந்தி முழுக்க விசாரித்ததில், சக்தியால் விழுந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் மரியாதைக்குத்தான் விழுந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர் மட்டும் உண்மையாக விழுந்ததாக ஒவ்வொருவரும் நம்பியிருக்கிறார்கள். தீட்சை என்ற பேச்சே அதற்குப்பிறகு எழவில்லை.

என் கணவர் மட்டும் இலையில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் கைப்பை இன்னும் அவர் மடியிலேயே இருந்தது. எனக்கு ஜெயித்த குஷி ஒரு பக்கம், அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது இன்னொரு பக்கம். ஓய்வுக்குப் பிறகு முதன்முதலாக அவரை வரிசையில் நிற்கவைத்து, "சார், நீங்க வாங்க" என்று கூப்பிட்டவர் அந்த மாஸ்டர். அந்த மரியாதைக்கு இவரும் பதில் மரியாதை செய்திருக்கிறார். அது எனக்குப் புரியாமல் இல்லை.

இலையில் சோறு விழுந்தது. அவர் மெதுவாக என் பையைத் திறந்தார். அவருடைய மாத்திரை அட்டை அதில்தான் இருந்தது. அன்றும் போடாமல் வந்துவிட்டாரே என்று நான்தான் எடுத்துப் போட்டு வந்திருந்தேன். அட்டையைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பையில ஏதோ இருக்கு, அதுதான் சக்தியைத் தடுக்குதுன்னாரே மாஸ்டர்" என்றார். "கரெக்டாத்தான் சொல்லியிருக்கார்."

ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாயசம் கொண்டு வந்தவரிடம், "அவருக்கு வேணாம், எனக்கு ரெண்டு கப் ஊத்துங்க" என்றேன்.

மாஸ்டர் இன்றும் எங்கள் மொட்டை மாடிக்கு வருகிறார். குனிய, நிமிர மட்டும் சொல்லித் தருகிறார். சக்தி லீவில் இருக்கிறது. என் கணவரும் போகிறார், மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான். நானோ தினமும் அதே ரயிலில், அதே நெரிசலில் நின்றுகொண்டு போகிறேன். "எல்லாருமே செய்யறாங்களே, நீ மட்டும் என்ன?" என்று யாராவது எதற்காவது கேட்கும்போதெல்லாம், பதில் சொல்வதற்கு முன்னால் என் கால் இரண்டும் தன்னால் கொஞ்சம் அகன்று அழுந்திக்கொள்கின்றன.