சித்தியின் காயத்தை அழித்தவள்

எண்பது, பூஜ்யம், முப்பது. குன்னூரில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவின் கம்ப்யூட்டரில், படத்தில் இருக்கும் குறையை அழிக்க நானே அமைத்துச் சேமித்து வைத்திருந்த பிரஷ்ஷின் அளவுகள் இவை. சைஸ் எண்பது. ஓரம் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கான ஹார்ட்னஸ் பூஜ்யம். ஒரு தடவலுக்கு எவ்வளவு மூட வேண்டும் என்பதற்கான ஒபாசிட்டி முப்பது. பக்கத்தில் இருக்கும் நல்ல தோலைத் தொட்டு எடுத்து, வடுவின் மேல் மூன்று நான்கு முறை மெதுவாகத் தடவினால் போதும், அங்கே வடு இருந்ததாகப் படம் எடுத்தவனாலேயே சொல்ல முடியாது. ஹார்ட்னஸ் கூடினால் கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டதுபோலத் தெரியும். ஒபாசிட்டி கூடினால் முகம் பொம்மையாகிவிடும். இந்த மூன்று எண்களுக்கு வந்து சேர எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அப்போது அதில் எனக்கு இருந்த கர்வத்தை இன்று நினைத்தால் என் மேல்தான் எரிச்சல் வருகிறது.

அந்த பிரஷ் எதற்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து எஸ்டேட் பெண்களுக்குக் கல்யாணம் என்றால், மோதிரம், வளையல், மருதாணி எல்லாம் தெரிய, கைகளை மட்டும் தனியாக நெருக்கத்தில் படம் எடுப்பது வழக்கம். கொழுந்து பறிக்கும் கையில் கறை இருக்கும். விரல் இடுக்கில் கறுப்பாக ஏறி, எந்த சோப்புக்கும் அசையாது. முழங்கை வரைக்கும் கவ்வாத்தில் வெட்டிவிட்ட தேயிலைக் குச்சி கிழித்த கோடுகள் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் ஆல்பத்தில் அதைப் பார்க்கக் கூடாதாம். ஓனர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர், பேச்சில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. "அம்மிணி, நம்ம கடையிலிருந்து போற படத்துல ஒரு கீறல் இருக்கப்படாதுங்க" என்பார். அந்தக் கையால் பறித்த இலையைத்தான் காலையில் எழுந்ததும் எல்லாரும் குடிக்கிறார்கள். அந்தக் கையின் கறையைப் பார்க்க மட்டும் எவருக்கும் மனசு வரவில்லை. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சரிங்க என்று தலையாட்டிவிட்டு, வருகிற கையையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் சித்தி, அம்மாவின் தங்கை, மஞ்சூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். சின்ன வயதில் இலங்கையிலிருந்து அப்பா அம்மாவோடு வந்தவள். அறையைக் காம்பரா என்பாள், மேனேஜரைத் துரை என்பாள். வேலைக்கு லீவு போட்டதாக எனக்கு நினைவே இல்லை. ஒருநாள் காலை, பனி விலகாத நேரத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே படுத்திருந்த காட்டுமாடு எழுந்து பாய்ந்ததில் இடது முன்கை கிழிந்துபோனது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். தையல் பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இரண்டு கையாலும் பறித்தால்தான் எஸ்டேட் கேட்கும் எடைக்குக் கொழுந்து தேறும். அதனால் மலையிலிருந்து மாற்றி, பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் இடத்தில், வேலை தரச் சொல்லி மனுக் கொடுத்தாள். எஸ்டேட் டிஸ்பென்சரிச் சீட்டில் 'கையில் காயம், கட்டுப் போடப்பட்டது' என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. ஆகவே காயத்தை ஸ்டுடியோவில் படம் எடுத்து, ஸ்டுடியோ முத்திரை வைத்து, ஒட்டிய கவரில் தரும்படி எஸ்டேட் ஆபீசில் சொன்னார்கள்.

சித்தி எங்கள் கடைக்குத்தான் வந்தாள். நான் அன்று கேத்தியில் ஒரு கல்யாணத்துக்குக் கேமராவோடு போயிருந்தேன். ஓனர் அவள் முன்கையை மட்டும் நெருக்கமாக ஒரே ஒரு படம் எடுத்து, அன்றைய கல்யாணப் படங்கள் போடும் ஃபோல்டரிலேயே போட்டுவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் நாற்பது ஐம்பது கைகளை வரிசையாகத் துடைத்துக்கொண்டு வந்த நான், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சிவந்து நீண்ட ஒரு வடுவைப் பார்த்தேன். பாவம், கல்யாணப் பெண்ணுக்கு எப்போதோ பட்ட காயம் போலிருக்கிறது, வளையல் போடுவதற்கு முன்னால் எடுத்த படம் என்று நினைத்தேன். என்னைத் தூக்கி வளர்த்த கை அது. காயம் பட்ட பிறகு கட்டோடு மட்டுமே பார்த்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்க்கும்போது தோல் தோலாகத்தான் இருக்கும், ஆளாக இருக்காது. அன்றைக்கு வந்ததிலேயே கஷ்டமான வேலை என்று பத்து நிமிடம் உட்கார்ந்து ரசித்து அழித்தேன். நகல் எடுத்து வைக்கும் பழக்கமும் எங்கள் கடையில் கிடையாது. டிஸ்க் நிறைந்துவிடும் என்று அசல் படத்தின் மேலேயே சேமிக்கச் சொல்லியிருந்தார் ஓனர். சேமித்தேன். மற்றப் படங்களோடு படமாகப் பிரிண்ட் போட்டு, சரியாகப் பாராமலேயே முத்திரை குத்தி, கவரில் போட்டு ஒட்டி அவரே சித்தியிடம் கொடுத்தார். ஒட்டிய கவரைப் பிரித்தால் செல்லாது என்று பயந்து அவளும் பிரித்துப் பார்க்கவில்லை.

மனு திரும்பி வந்தது. எஸ்டேட்டின் வெல்ஃபேர் ஆபீசர் அவளைக் கூப்பிட்டு, "போட்டோவுல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றாராம். சித்தி சேலையை விலக்கி, கையை அவர் மேசைமேல் வைத்துக் காட்டியிருக்கிறாள். தையல் போட்ட புள்ளிகள்கூட ஆறாத கை. அதைப் பார்த்துவிட்டு, "இது அப்புறம் பட்டதா இருக்கலாம், ஃபைல்ல இருக்கறதத்தான் நான் பார்க்க முடியும்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். நான் பார்க்காமல் செய்தேன், அது என் தப்பு. அந்த மனுஷன் பார்த்துவிட்டுச் செய்தார். கண்ணுக்கு முன்னால் ரத்தமும் சதையுமாக ஒரு கை கிடக்கும்போது, காகிதத்தில் இருக்கிற கையை நம்ப ஒருவருக்கு எப்படி முடிகிறது? நாற்காலியில் உட்கார்ந்தால் கண் அவிந்துவிடுமா?

சித்தி வந்து சொன்னபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நேராக ஓனரிடம் போனேன். எங்கள் கடையில் தவறுதலாக அழித்துவிட்டோம் என்று ஒரு கடிதம், முத்திரையோடு, இரண்டு வரி போதும் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு எவனுங்க நம்ம படத்த நம்புவான்? வேணும்னா சித்திக்கு வேற படம் எடுத்துத் தந்தர்றேனுங்க, காசே வேண்டாமுங்க" என்றார். பெரிய தயவு. அவர் எடுத்துத் தந்த புதுப் படத்தை, இது எப்போது பட்டதோ என்று ஆபீசில் ஓரமாக வைத்துவிட்டார்கள். சித்தி மடங்காத விரல்களோடு மறுபடி மலைக்குப் போனாள். அவள் பறித்த எடை குறைந்ததற்கு மேஸ்திரியிடம் தினமும் ஏச்சு. அந்த மாதமே ஸ்டுடியோ வேலையை விட்டேன்.

பிறகு நானே, அழித்தது நான்தான் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, என்னிடம் இருந்த பழைய லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு சித்தியோடு வெல்ஃபேர் ஆபீசர் முன்னால் போய் நின்றேன். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அவ்வளவு பெரிய காயத்த அழிக்க முடியுமாம்மா? யார்கிட்ட கதை சொல்றே?" என்றார். அவர் கன்னம் இரண்டிலும் அம்மைத் தழும்பு, குழி குழியாக. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ. சார், உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா என்று கேட்டேன். மொபைலில் எடுத்து லேப்டாப்பில் போட்டு, அதே எண்பது, பூஜ்யம், முப்பதை வைத்து, அவர் பார்க்கப் பார்க்கத் தடவினேன். ஒவ்வொரு குழியாக நிரம்பியது. க்ளார்க் எழுந்து வந்து பின்னால் நின்றார். கால் மணி நேரத்தில் அம்மையே காணாத ஒரு முகம் திரையில் இருந்தது. இப்படித்தான் சார் சித்தி கையையும் அழித்தேன் என்றேன்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்தார். இப்போது புரிந்திருக்கும், இப்போது மன்னிப்புக் கேட்பார் என்று பைத்தியக்காரியாக நான் காத்திருந்தேன். கன்னத்தைத் தடவிக்கொண்டு, "நல்லா இருக்கே. இத எனக்கு ரெண்டு பிரிண்ட் போட்டுக் குடுக்க முடியுமா?" என்றார்.

சித்தி மனு சார், என்றேன். "பார்க்கலாம், பார்க்கலாம். நீ முதல்ல பிரிண்ட் கொண்டா."

லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்த என் முழங்கையைச் சித்தி பிடித்து இழுத்தாள். விரல் மடங்காத அந்தக் கையால்தான். "குடுத்துரு புள்ள" என்றாள், மெதுவாக. மஞ்சூர் பஸ் வளைவு வளைவாக இறங்கும் வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டேன். மானம் இல்லையா உனக்கு என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "மலையில நிக்கிறது நாந்தானே புள்ள, நீ இல்லையே" என்றாள். குன்னூரில் வேறொரு கடையில் பிரிண்ட் போட்டு, ஃப்ரேமும் மாட்டி, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டே வாரத்தில் ஆர்டர் வந்தது. இப்போது சித்தி பிள்ளைக் காம்பராவில் இருக்கிறாள். குழந்தைகள் அந்த வடுவின்மேல் விரலால் வண்டி ஓட்டி விளையாடுகின்றன. கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன கோபம் என்று என்னைக் கேட்கிறாள். ஆர்டரை அவளுக்குப் படித்துக் காட்டியவள் நான். மாட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, காயத்தைப் பற்றி இல்லை, என் கடிதத்தைப் பற்றியும் இல்லை. 'கருணை அடிப்படையில்' என்று மட்டும் இருந்தது. ஃபைலிலிருந்து அந்தப் பழைய போட்டோவை யாரும் எடுக்கவும் இல்லை. ஆபீசில் எவர் எப்போது பிரித்துப் பார்த்தாலும், சித்திக்கு ஒன்றுமே நடக்கவில்லை.