ஓங்கியாவுக்குப் போட்ட பதக்கம்

டிங் சுய்-புன் வாழ்நாளில் சாதித்தது ஒன்றே ஒன்று: ஈரலில் புற்றுநோய் வந்தும் சாகாமல் இருந்தது. அதிலும் அவர் பங்கு, ஆஸ்பத்திரி மேசையில் அசையாமல் படுத்துக் கிடந்தது மட்டும்தான். இப்படிச் சொல்பவள் அவர் மனைவி அ-லியென். யூன்லின் கடற்கரையில் அவளோடு உட்கார்ந்து சிப்பி உடைக்கும் பெண்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

தாயிடமிருந்து வந்த காமாலைக் கிருமி ஊரில் பலருக்கும் போல அவருக்கும் இருந்தது. அதன் வினையாக ஐம்பது வயதில் ஈரலில் லோங்கான் பழக் கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. டாக்டர் சியூ வயிற்றைக் கிழிக்கவில்லை. நீள ஊசி ஒன்றை உள்ளே செலுத்தி, நுனிச் சூட்டில் கட்டியை வேகவைத்துவிட்டார்.

"கட்டியைத்தான் சுட்டிருக்கோம். ஈரல் அதே ஈரல்தான்" என்றார் அந்த டாக்டரம்மாள். "வேற இடத்துல முளைக்கலாம். சின்னதா இருக்கும்போதே பிடிச்சா மறுபடி சுட்டுடலாம். ஸ்கேனுக்கு மட்டும் தவறாம வந்துடுங்க."

ஐந்து வருடம் எதுவும் முளைக்கவில்லை. உடனே சுய்-புன் ஓங்கியா சாமி கோயிலில் பொம்மலாட்டம் வைத்தார், சாமி கழுத்தில் தங்கப் பதக்கம் போட்டார், ஒலிபெருக்கியில் "ஓங்கியா என்னை முழுசாக் குணமாக்கிட்டார்" என்று அறிவித்தார். கோயில் கமிட்டி அவரைத் துணைத்தலைவர் ஆக்கியது. அத்தோடு ஸ்கேன் நின்றது. முழுசாகக் குணமாக்கியதற்கு நன்றி செலுத்திவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால், சாமி அரைகுறை வேலை செய்ததாக ஆகிவிடாதா?

"ஓங்கியா முகத்துல கரி பூசச் சொல்றியா?" என்றார் வீட்டில்.

"ஊதுபத்திப் புகையில அது எப்பவோ கறுத்தாச்சு. நீ உன் முகத்தைப் பத்திச் சொல்லு."

அவருக்குப் பக்தி இருந்திருந்தால் அ-லியென் மதித்திருப்பாள். பக்தியில் கொஞ்சம் அச்சமாவது இருக்கும். இவர் சாமியைத் தனக்கு ஜாமீன்தாரராக வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரருக்குக் கட்டி இருப்பது தெரிந்தபோது, அது ஊசிக்கு அடங்காத அளவு வளர்ந்திருந்தது. அந்தச் சாவு வீட்டிலும் சுய்-புன் தன் பதக்கக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் கமிட்டி தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அ-லியென் கோயிலுக்குள் வந்து, குறி கேட்கும் பிறைக்கட்டை இரண்டையும் கையில் எடுத்தாள்.

"ஓங்கியா, இவரை ஸ்கேனுக்கு அனுப்பட்டுமா?"

இரண்டு கட்டையும் தட்டைப்பக்கம் மேலாக விழுந்தன.

"சாமி சிரிக்குது அண்ணி, பதில் இல்ல!" என்றார் பொருளாளர்.

"சிரிக்காம? இவரைப் போய்த் துணைத்தலைவரா வெச்சிருக்கீங்களே."

அடுத்த தரம் ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தது. சம்மதம்.

"தொடர்ந்து மூணு தரம் விழணும் அண்ணி."

"விழற வரைக்கும் போடறேன். எனக்கு வேற வேலையில்ல."

போட்டாள். தேநீர் ஆறியது. ஒவ்வொரு தரமும் கட்டை எப்படி விழுகிறது என்று சுய்-புன் கழுத்தை நீட்டிப் பார்ப்பதையும், தப்பி விழும்போதெல்லாம் உச்சுக்கொட்டுவதையும் அவள் கவனித்தாள். ஆக, இத்தனை நாளும் இந்த ஆள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். ஸ்கேனுக்குப் போக ஒரு சாக்குக்காகக் காத்திருந்திருக்கிறார். அவளுக்கு இரக்கம் வரப் பார்த்தது, வரவிடவில்லை.

கடைசியில் தொடர்ந்து மூன்று விழுந்தது. "சாமி உத்தரவு" என்று கம்பீரமாக எழுந்தார் துணைத்தலைவர்.

ஈரலின் மறுபக்கம் புதுக் கட்டி முளைத்திருந்தது. டாக்டர் சியூ வாய்க்கு வந்தபடி திட்டினார், பிறகு சுட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஊசிக்கு அடங்கியிருக்காது. அதற்குப் பிறகும் இரண்டு முறை முளைத்தது, இரண்டு முறையும் சுட்டாயிற்று. முதல் ஊசிக்கு இப்போது பதினாறு வயது. சுய்-புன் உயிரோடு இருக்கிறார், வெற்றிலை பாக்கு மெல்லுகிறார், ஆஸ்பத்திரிக்குத் தன்னை அனுப்பியது ஓங்கியாதான் என்று வருடாவருடம் ஒலிபெருக்கியில் சொல்கிறார். இரண்டாவது பதக்கம் போட வேண்டுமாம்.

"அதை அந்த டாக்டரம்மா ஊசியில மாட்டு" என்கிறாள் அ-லியென்.

ஸ்கேன் நாள் காலையில், வெறும் வயிற்றோடு இருப்பதால் அவர் முணுமுணுத்துக்கொண்டு இழுத்தடிப்பார். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு, "கட்டையை எடுத்துட்டு வரட்டுமா?" என்பாள். துணைத்தலைவர் பின்னால் ஏறி உட்காருவார்.