அலுமாரிக்கு மேல் வைத்த அட்டை

சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கிளீனராகச் சேர்ந்து எனக்கு மூன்றாம் கிழமை. எழுபதுகளின் நடுப்பகுதி. சூப்பர்வைசர் ஓல்கா உக்ரேன்காரி. அவ தந்த சட்டம் ஒன்றுதான்: மேசையில் இருப்பதைத் தொடாதே, நிலத்தில் கிடப்பதைக் குப்பையில் போடு.

அன்று காலை நாங்கள் வாளியோடு போனபோது, பழைய மொழிகள் படிப்பிக்கிற புரொபெசர் கதவடியில் நின்றார். செக் நாட்டுக்காரர். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான அட்டை ஒன்றைக் காணவில்லையாம். ஓல்கா எறிந்துவிட்டா என்று மனேஜரிடம் சொல்லப்போவதாகச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு முறை எச்சரிக்கை வாங்கினவ. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

முந்தின நாள் அந்த அறையைக் கூட்டினது நான். நிலத்தில் கிடந்த அந்த எழுத்துள்ள அட்டையைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. கண்ணில் ஒற்றி, கால் படாத இடமாக அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். அதைச் சொல்கிற அளவுக்கு இங்கிலிஷ் வாயில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பின்னேரம் என் கணவரிடம் சொன்னேன்.

"பேசாமல் இரும். உம்மட வேலையும் போயிடும்."

"குளிருக்கு அவ தந்த கோட்டைத்தானே போட்டுக்கொண்டு போறன்" என்றேன்.

அடுத்த நாள் ஓல்காவையும் கூட்டிக்கொண்டு போய், அலுமாரியைக் காட்டினேன். "சேர். பேப்பர். அப்."

அவர் கதிரையில் ஏறி எடுத்தார். ஓல்காவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு அட்டையை எங்களுக்கு விளங்கப்படுத்தினார். ஒரு நட்சத்திரக் குறி, பக்கத்தில் ஒரு சொல். ஸ்லாவிய மொழிக்காரரின் முன்னோர் பாணுக்கு, அதாவது பிரெட்டுக்கு, சொன்ன சொல்லாம். ஒருவரும் எழுதி வைக்காததால், ஓல்காவின் 'ஹ்லிப்', தன்னுடைய 'ஹ்லேப்' எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தது. பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பூட்டியின் முகத்தைப் படமாகக் கீறுவது போல. எழுத்தில் இல்லாத, ஊகித்த சொல் என்று காட்டத்தான் அந்த நட்சத்திரமாம். அந்தச் சொல்லும் அயலில் இருந்த ஜெர்மானியரிடமிருந்து வந்ததாம். கடையில் கேட்கிற 'லோஃப்' கூட அதற்குச் சொந்தமாம்.

ஓல்கா மூக்கைச் சுழித்தா. பாண் எங்கட, பெயர் மட்டும் ஜெர்மன்காரன்ரயா என்று கேட்டா.

புரொபெசர் என் பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்றார். "பாண்" என்றேன். அது போர்த்துக்கீசர் கொண்டுவந்த சொல் என்றார்.

"அப்ப இவளும் என்னைப் போலத்தான்" என்று ஓல்கா என் தோளில் தட்டினா.

முறைப்பாடு போகவில்லை. அதற்குப் பிறகு எது காணாமல் போனாலும் புரொபெசர் முதலில் கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலேதான் பார்ப்பார்.

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்களால் இன்னொருவர் பேச்சு வாங்கினால் பாஷை தெரியாது என்று நிற்க வேண்டாம். எனக்கு மூன்று சொல் போதுமாயிருந்தது.