எஞ்சின் நம்பரைப் படித்த நாள்

எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு அம்மை குத்தும் இன்ஸ்பெக்டர் வேலை. கீரப்பாளையம், ஸ்ரீமுஷ்ணம் என்று ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து அலுத்துப்போனவர். மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் ஆவணியில் கல்யாணம், இல்லாவிட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று சிதம்பரத்திலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என்னிடமோ கடலூர் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்த கடிதம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆனி முடியறதுக்குள்ள வண்டி அமைஞ்சா கல்யாணம். அமையலன்னா நீ பள்ளிக்கூடத்துல போய்ச் சேரு."

புது வண்டி எங்களுக்குக் கட்டாது. போர் முடிந்து பட்டாளத்து வண்டிகள் விலைக்கு வந்துகொண்டிருந்தன. சிதம்பரத்தில் இரண்டு பார்த்தோம். ஒன்றின் பதிவுப் புத்தகம் செத்துப்போன ஒருவர் பெயரில் இருந்தது. மற்றதில் எஞ்சின் நம்பர் ஒன்று, புத்தகத்து நம்பர் ஒன்று. இரண்டையும் நான்தான் படித்துச் சொன்னேன். அப்பா மறுபேச்சில்லாமல் திரும்பி நடந்தார். அதில் எனக்குப் பெருமை. இரண்டு முறை தப்பித்த சந்தோஷத்தை மட்டும் வெளியில் காட்டவில்லை.

மூன்றாவது வண்டி மஞ்சக்குப்பத்தில், பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவரின் கொட்டகையில் நின்றது. ஆனி முடிய நான்கு நாள் இருந்தது. சம்பந்தத்தைக் கொண்டுவந்த மாமா, அம்மாவின் தம்பி, கூட வந்திருந்தார்.

அப்பா மாடுகளைத் தவிர எதையும் விலைக்கு வாங்கியவரில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டேங்கைத் தட்டினார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார்.

"பல்லயும் புடிச்சிப் பாத்துடுங்க மச்சான்" என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. "எத்தினி வருசம் ஒழைக்கும்?" என்று வண்டிக்காரரைக் கேட்டார்.

"எண்ணெய் ஊத்துனா ஒழைக்கும். புல்லு போட்டா ஒழைக்காது."

பிறகு அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை நுழைத்தார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரியே. துண்டுக்குள் விரல்கள் அசைந்தன. வண்டிக்காரர் தலையாட்டினார், அப்பா தலையாட்டினார். என்ன விலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"புத்தகத்தப் படிம்மா" என்றார் அப்பா.

பெயர் சரியாக இருந்தது. வண்டிக்காரர் மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினைத் துடைத்தார். நான் குனிந்தேன். நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து என்று உரக்கப் படித்தேன். கடைசி எண்ணில் துரு ஏறியிருந்தது. புத்தகத்தில் ஒன்று. எஞ்சினிலும் ஒன்றுதான். ஆனால் ஏழு என்று சொல்லிவிடலாம். வண்டிக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அப்பா என் சொல்லைத்தான் எடுத்துக்கொள்வார். அடுத்த வாரம் நான் பயிற்சிப் பள்ளியில் இருப்பேன். வாய் 'ஏ' என்று திறந்தேவிட்டது.

"என்னா, தெரியிலியா?" என்றார் மாமா. "பொட்டப்புள்ளய எட்டு வருசம் படிக்க வச்சி, நாலு நம்பருக்கு மேல ஓடல பாருங்க மச்சான்."

வண்டிக்காரரும் சிரித்தார்.

எனக்குக் காது சுட்டது. "நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஒண்ணு" என்றேன். முதலில் தமிழில், அடுத்து இங்கிலீஷில். நிற்காமல் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, யாரும் கேட்காததையெல்லாம் படித்தேன். சிரிப்பு நின்றது.

"எம் பொண்ணு சொல்லிட்டா. முடிச்சிக்கலாம்" என்றார் அப்பா.

அவர் கைநாட்டு வைத்தார். சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நான் போட்ட முதல் கையெழுத்து அது. வண்டிக்காரர் பின்பக்க இரும்புச் சட்டத்தைத் தட்டி, "இங்க ஒரு சீட்டு வச்சித் தரேன், பாப்பா உக்கார" என்றார். பட்டாளத்தில் அதில் மூட்டை கட்டுவார்களாம்.

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. பயிற்சிப் பள்ளிக் கடிதம் பைக்குள் இருந்தது. அப்பா அந்தப் புத்தகத்தை மடியிலிருந்து எடுத்து, "இன்னொரு தடவ படிம்மா, கேப்போம்" என்றார்.

படித்தேன். கடைசி எண் ஒன்றுதான்.